காலியான சொட்டு மருந்து

"மருந்தை யாரு கொட்டினது?"

ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தபடியே மருமகள் கேட்டாள். கையிலிருந்த சொட்டு மருந்து பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டுகூட விழவில்லை.

மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கை பட்டுக் கொட்டிடுச்சும்மா."

"யாரு கை? உங்க கையா?"

நாற்பது வருஷம் கைக்கடிகாரம் பழுது பார்த்த கை. ஊசி முனையில் எண்ணெய் தொட்டு, கடுகு போன்ற சக்கரத்தில் வைத்து, பக்கத்துச் சக்கரத்தில் படாமல் எடுத்த கை. அந்தக் கை பாட்டிலைத் தட்டிவிட்டதாம்.

"மாமா, நான் ஒரு நாளைக்கு மூணு சொட்டுதான் போடுறேன். ஒரு மாசம் வர வேண்டிய மருந்து. பத்தாம் நாளே காலின்னா என்ன அர்த்தம்?"

"அர்த்தம் என்ன அர்த்தம்? கொட்டிடுச்சு."

அவர் கைக்கடிகாரம் 'பீப் பீப்' என்றது. காலை மணி ஏழு. சட்டென்று அமுக்கி நிறுத்தினார்.

"மாத்திரை நேரம்" என்று எழுந்து உள்ளே போனார். மேஜைக்கடியில் படுத்திருந்த நாய் பொத்தானும் எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே போனது.

"போ அந்தப் பக்கம், சனியனே!" என்று குரல் மட்டும் வந்தது.

தன் மாத்திரைக்கு மட்டும் மணி தவறாது என்று மருமகள் பல்லைக் கடித்தாள்.

பொத்தானுக்கு இருப்பது ஒரே கண். குட்டியாகத் தெருவில் கிடந்ததை அவள் தூக்கி வந்தபோதே இடது கண் போயிருந்தது. "இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அது இருக்கணும்" என்று அன்றைக்கே சொன்னவர் மாமனார். இரண்டு வருஷமாக இரண்டு பேரும்தான் இருக்கிறார்கள். ஆனால் இன்றுவரை பெயர் சொல்லி அதைக் கூப்பிட்டதில்லை.

இப்போது அந்த ஒற்றைக் கண்ணின் கருவிழியில் புண். முள் கீறியிருந்தது.

"பகல் பூரா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு விடணும். தவறினா புண் உள்ள இறங்கிடும். பத்தாம் நாள் பாக்குறேன். ஆறலைன்னா கண்ணையே எடுத்துட வேண்டியதுதான்" என்றிருந்தார் டாக்டரம்மா.

"போட்டுடறேன் டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் அவள் டவுன் பஸ் டிரைவர். விடியலில் ஸ்டியரிங்கைப் பிடித்தால் பொழுது சாய்ந்துதான் விடுவாள். கணவனுக்கு வேலை வேறு ஊரில். அவளால் முடிந்தது காலையில் ஒன்று, ராத்திரி இரண்டு. அதற்கே பொத்தானைத் துண்டில் சுற்றி மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மாமாவிடம் கேட்டுப் பார்க்கலாமா என்று ஒரு தடவை தோன்றியது. கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வானேன் என்று விட்டுவிட்டாள்.

"இன்னிக்குப் பத்தாம் நாள், லீவு போட்டிருக்கேன். கிளம்புங்க மாமா. மருந்தைக் கொட்டினது நான்தான்னு நீங்களே வந்து டாக்டர்கிட்ட சொல்லுங்க."

மாமனார் மறுபேச்சில்லாமல் செருப்பை மாட்டினார்.

மருத்துவமனையில் பொத்தானை மேஜைமேல் பிடித்து நிறுத்த அவளும் உதவியாளரும் சேர்ந்தும் போதவில்லை. எப்படியோ டாக்டரம்மா சாயக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றி எடுத்து, அறை விளக்கை அணைத்து, நீல டார்ச்சைப் பிடித்தார்.

புண் இருந்தால் பச்சையாக ஒளிரும். போன தடவை பார்த்திருக்கிறாள். மிளகு அளவுக்குப் பச்சை.

டாக்டரம்மா இந்தப் பக்கம் குனிந்து பார்த்தார். அந்தப் பக்கம் வந்து பார்த்தார். டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார். இறக்கத்தில் பிரேக் பிடிக்காத பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது போல மருமகள் வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"பச்சையே இல்லைங்க!" என்று நிமிர்ந்தார் டாக்டரம்மா.

விளக்கு எரிந்தது. டாக்டரம்மா ஒரு பஞ்சு உருண்டையை உயரத்திலிருந்து நழுவவிட்டார். சத்தமில்லாமல் விழுந்த பஞ்சைப் பொத்தானின் கண் தரைவரை துரத்திக்கொண்டு போனது.

"சுத்தமா ஆறிடுச்சு. பார்வையும் ஜம்முனு இருக்கு. கண்ணு தப்பிச்சுது!"

உதவியாளர் கைதட்டியேவிட்டார். மருமகள் பொத்தானைக் கட்டிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஒரு வேளைகூட விடாம போட்டிருக்கீங்க. பெரிய விஷயம்."

அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

"இல்ல டாக்டர், பொய் சொல்லிட்டேன். மூணு வேளைதான் போட்டேன். மிச்ச மருந்து... கொட்டிடுச்சு."

"என்ன விளையாடுறீங்களா? மூணு வேளைக்கெல்லாம் இந்தப் புண் ஆறாது. ஒழுங்கா போட்டா அந்த பாட்டில் சரியா பத்து நாள்தான் வரும்."

மருமகள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். மூலை பெஞ்சில் மாமனார், சுவரில் ஒட்டியிருந்த 'பூனைகளுக்கு வரும் கண் நோய்கள்' படத்தை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

'பீப் பீப்.'

மணி பதினொன்று. அவர் அமுக்குவதற்குள் பொத்தான் மேஜையிலிருந்து ஒரே தாவலாகத் தாவி ஓடியது. அவர் முழங்காலில் தாடையை வைத்தது. முகத்தை நிமிர்த்தி, கண்ணை அகல விரித்துக்கொண்டு, அசையாமல் நின்றது.

"இங்க வேணாண்டா, சனியனே..." என்றார் மாமனார், குரலைத் தாழ்த்தி. "மானத்தை வாங்காத."