கிணற்றடியில் கண்டது

கிட்ட வந்து இருங்கள், என் குஞ்சுகளே. கதவைச் சாத்த வேண்டாம், பட்டப்பகலில் நடந்த கதைதான். வேலணையில் ஒரு வீட்டுக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். மூச்சை மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

நிலாந்தினி நித்திரை போலக் கண்ணை மூடிக் கிடந்தாள். பக்கத்தில் அவள் பெற்ற பச்சைக் குழந்தை. மச்சாள் பரிமளம் பூனை போல அறைக்குள் வந்தாள். தலையணைக்குக் கீழே கிடந்த பாக்குவெட்டியை மெல்ல உருவி, சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனாள்.

பிள்ளை பெற்றவள் படுக்கிற இடத்தில் ஒரு இரும்புத் துண்டு கிடக்க வேண்டும். கிடந்தால்தான் காத்துக் கறுப்பு அண்டாது. அந்தக் காவலையே ஒருத்தி களவாக எடுக்கிறாள் என்றால், அவள் மனதில் என்ன இருக்கிறது?

பரிமளம், நிலாந்தினியின் கணவன் லவனுக்கு மூத்தவள். பிள்ளை பிறக்காமலே புருசனையும் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். குழந்தை வந்த நாளிலிருந்து பத்தியச் சரக்கு அரைத்துக் கறி வைப்பதும், துணி தோய்ப்பதும், குழந்தை சிணுங்கினால் பெற்றவளுக்கு முன்னால் ஓடி வருவதும் அவள்தான். பார்த்தவர்கள் எல்லாரும் நிலாந்தினி கொடுத்து வைத்தவள் என்றார்கள்.

நிலாந்தினி அப்படி நினைக்கவில்லை. அவள் பள்ளிக்கூட ரீச்சர். ஆசிரியர் கலாசாலையில் உளவியல் படித்தவள். மனம் ஒரு பொல்லாத கள்ளி, தாங்க முடியாத ஒன்றை மறைக்க எத்தனை வேசமும் போடும் என்று அங்கே படிப்பித்திருந்தார்கள். உள்ளே வெறுப்புக் கிடந்தால் வெளியே அன்பு வழிய வழிய வருமாம். தன் கெட்ட எண்ணத்தை அடுத்தவர் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, அவருக்கே பயப்படுமாம். படித்த ஒவ்வொன்றையும் மச்சாளுக்குப் போட்டுப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தியது.

பாக்குவெட்டி மட்டுமா? கிணற்றடிக்குப் போகிற படலைக் கதவுக்குப் புதுப் பூட்டு விழுந்திருந்தது. திறப்பு பரிமளத்தின் இடுப்பில். நிலாந்தினி அறைவாசலில் கால் வைத்தாலே மறித்துக்கொண்டு நின்று, பிள்ளை பெற்ற துடக்குக் கழியாமல் எங்கே வெளிக்கிடுகிறீர் என்று கேட்பாள். அந்த அறைக்கு இருந்ததும் ஒரே ஒரு யன்னல். அதற்குள்ளால் தெருவும் இரண்டு பனையும் யாழ்ப்பாண பஸ்சும் தெரியும். லவன் விடிய அந்த பஸ்சில் வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவான். அவனிடம் ஒருக்கால் சொல்லிப் பார்த்தாள். அக்கா எறும்பைக்கூட ஊதித்தான் விடுவா, நீர் முதலில் நித்திரை கொள்ளும் என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். நித்திரைதான் அவளுக்கு எப்போதோ விட்டுப் போயிருந்ததே.

அன்று குழந்தையை நிறுக்கக் குடும்பநல மாது ஜெனீற்றா வந்தாள். நல்ல வாய்க்காரி. தாயின் கண்ணுக்குக் கீழே கரிச்சட்டி கவிழ்த்து வைத்திருக்கிறதே என்று பகிடி விட்டுக்கொண்டுதான் தராசைக் கொளுவினாள். பரிமளம் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனதும், நிலாந்தினி ஜெனீற்றாவின் கையை எட்டிப் பிடித்தாள்.

"மிஸ்ஸி, மச்சாள் என்ரை பிள்ளையைக் கொல்லப் பாக்கிறா."

ஜெனீற்றாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"என்ரை கண்ணாலை கண்டனான். கிணத்துக் கட்டோடை நிண்டவ. பிள்ளையை நெஞ்சிலை இறுக்கிக்கொண்டு, பேயறைஞ்ச மாதிரி. என்னைப் பாத்து நடுங்கினவ, மிஸ்ஸி."

வாசலில் கோப்பைகள் கிடுகிடுத்தன. தேத்தண்ணித் தட்டோடு பரிமளம் நின்றாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

"பரிமளமக்கா, பிள்ளையைக் கிணத்தடியிலை வைச்சிருந்தனீங்களோ?" என்றாள் ஜெனீற்றா.

பரிமளம் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஓம்," என்றாள்.

ஜெனீற்றா குழந்தையைத் தராசிலிருந்து தூக்கித் தன் தோளில் போட்டாள். இதை மேலே அறிவிக்காமல் விட ஏலாது, இனி இந்தப் பிள்ளையை நீங்கள் தொடவும் கூடாது என்றாள். பரிமளம் தலையைக் குனிந்துகொண்டாள். பார்த்தாயா, மறுக்க முடியவில்லை என்று நிலாந்தினிக்கு உள்ளே ஒரு நிம்மதி.

ஜெனீற்றா போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் தேடி யன்னலடிக்குப் போனாள். வெளியே தெரு. இரண்டு பனை. இலக்கத்தை அழுத்தப் போன விரல் நின்றது.

"கிணறு எந்தப் பக்கம்?"

"பின்னாலை. குசினிக்கு அங்காலை," என்றாள் நிலாந்தினி.

"பிள்ளை பெத்து வந்ததிலை இருந்து நீர் கிணத்தடிக்குப் போனனீரோ?"

"துடக்கோடை எப்பிடி மிஸ்ஸி போறது? இந்த அறைக்குள்ளைதான் கிடக்கிறன்."

ஜெனீற்றா திரும்பிப் பார்த்தாள். குரல் தணிந்துவிட்டது. "அப்ப எங்கை நிண்டு பாத்தனீர், பிள்ளை?"

நிலாந்தினி வாயைத் திறந்தாள். வார்த்தைக்கு முன்னால் உள்ளங்காலில் ஒரு குளிர் ஏறியது, ஈரச் சீமெந்தின் குளிர்.

பரிமளம் தட்டைக் கதிரையில் வைத்தாள். கட்டிலில் வந்து இருந்து, நிலாந்தினியின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் பொத்தி வைத்துக்கொண்டாள்.

"ஒருத்தருக்கும் சொல்லுறதில்லை எண்டுதான் இருந்தனான், பிள்ளை. கிணத்துக் கட்டிலை ஏறி நிண்ட உம்மடை கையிலை இருந்துதான் நான் குழந்தையை வாங்கினனான்."

உங்கள் வீட்டுத் தொட்டிலும், அதை ஆட்டுகிற கையும் காவலோடு இருக்கட்டும், என் குஞ்சுகளே.