திருப்பாத வளையம்

அறந்தாங்கியின் சாயங்கால வெயில் வாசல் முருங்கைமரத்தின் இலைக்குள் புகுந்து மினுங்குகிறது. மாஹிரா படியில் நின்றபடி, புருஷன் உமைர் குவைத்திலிருந்து கொடுத்தனுப்பிய புது டிஜிட்டல் கேமராவைத் தூக்கிப் பிடிக்கிறாள். அதில் மாட்டியிருப்பது அவனுடைய பழைய ஃபிலிம் கேமராவின் லென்ஸ். திரையில் வாசல் கேட் கஞ்சித் தண்ணிக்குள் கிடப்பதுபோல் கலங்கித் தெரிகிறது. "அதுல ஃபோகஸ் தானா வராது புள்ள. முன்னாடி இருக்குற ரிங்கத் திருப்பு," என்கிறான் உமைர், சுவரில் சாய்த்து வைத்த போனிலிருந்து. அவள் விரல் அந்த வளையத்தின் வரிகளைத் தடவுகிறது, திருப்பவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், தெருவில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, இதே படியில் நின்று அவன் கடைசியாகத் திருப்பி வைத்துவிட்டுப் போன இடம் அது. அன்றைக்கு அவன் படம் பிடிக்க, முருங்கையடியில் நிறைமாத வயிற்றோடு அவள் நின்றாள். லென்ஸை மாட்டும்போதுகூட வளையம் அசையாமல்தான் மாட்டினாள். "ம்மா, வாரேன்!" அவன் போனில் மட்டுமே பார்த்திருக்கிற மகள் சுமையா கேட்டிலிருந்து ஓடிவருகிறாள். முதலில் வெறும் மஞ்சள் கலங்கல். முருங்கையடிக்கு வந்ததும் நெற்றியில் ஒட்டிய முடி, மூக்குநுனி வேர்வை, உதட்டோரத்து மிட்டாய்ச் சிவப்பு, எல்லாம் பளிச்சென்று துலங்குகின்றன. அடுத்த எட்டில் மறுபடியும் கலங்கல். அது வந்து அவள் காலைக் கட்டிக்கொள்கிறது. "எடுத்துட்டியா? தெளிவா விழுந்துச்சா?" என்கிறான் உமைர். "தெளிவாத்தான் தெரிஞ்சா," என்கிறாள் மாஹிரா. பட்டன்மேல் வைத்த விரல் இன்னும் அழுத்தாமலே இருக்கிறது. "நீங்க வந்து எடுங்க மச்சான்."