நாற்றமில்லாத தட்டு

ஒரு ஸ்டுடியோவின் இருட்டறையில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருந்தது. மூக்குத்தி போட்ட ஒரு பெண்ணின் படம். அதன் கண்ணாடி நெகட்டிவ் எப்போதோ உடைந்துபோனதால், அவள் முகம் என்று உலகத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். கொடியில் தொங்கும் பழுப்புப் படங்களைப் பார்த்துப் பார்த்து அதற்கும் ஆசை வந்துவிட்டது.

“எனக்கும் அந்த நிறம் வேண்டும்,” என்றது.

“அப்படியானால் முதலில் என்னிடம் வா,” என்றது வெளுக்கும் மருந்து இருந்த தட்டு. “உன் கறுப்பை எடுத்துவிடுவேன். முகம் மறைந்துபோகும், பயப்படாதே. பக்கத்துத் தட்டில் இறங்கினால் பழுப்பாகத் திரும்பி வந்துவிடும்.”

“அதுவா? அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமாமே.”

“நிறம் வேண்டும் என்றால் நாற்றத்தைப் பார்க்க முடியுமா?”

படம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு இறங்கியது. மூக்குத்தி போயிற்று, கன்னம் போயிற்று, கடைசியில் கூந்தலும் போயிற்று. தாளில் லேசான மஞ்சள் கறைதான் மிச்சம்.

பக்கத்துத் தட்டுக்குள் விழுந்ததும் அதற்கு நிம்மதியாக இருந்தது.

“நல்லவேளை, உங்களிடம் நாற்றமே இல்லை.”



“என்னைப் பல நாளாக மூடாமலே போட்டுவிட்டார்கள், தாயே,” என்றது அந்தத் தட்டு. “என் மருந்துக்கு வீரியம் இருந்த நாளில் எனக்கு நாற்றமும் இருந்தது.”

“பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நேரம் கிடந்து பார்க்கிறேன்,” என்றது படம்.

அதைச் சொன்ன வாய் தாளில் எந்த இடத்தில் இருந்தது என்று தட்டுக்குத் தெரியவில்லை.