வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

போனில் வந்த புகார் பொய்யில்லை. உள்ளறைக் கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கத்தில்தான் இருந்தது. அதுவும் பெரியவர்கள் எக்கினால் மட்டுமே எட்டுகிற உயரத்தில்.

குழந்தைகள் நல அதிகாரி திரும்பிப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை இரண்டு கைகளாலும் பிடித்தபடி தையல்காரர் நின்றிருந்தார்.

"பையன் உள்ளதான் இருக்கானா?"

"ஆமா மேடம். மெஷின் ஓடறப்ப உள்ளதான் விடுவேன்."

"விடுவீங்களா, அடைப்பீங்களா?"

உள்ளேயிருந்து கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. அழுகையில்லை, பேச்சில்லை, வெறும் தட்டல்.

"அவங்கம்மா?"

"தவறிப் போய்ட்டா மேடம். நானும் இவனும்தான்."

மாடியேறும்போதே கீழ்வீட்டுக்காரரை அவள் விசாரித்திருந்தாள். "சத்தம் கேக்கும்ங்க. ஆனா அந்த வீட்டுக்குள்ள நாங்க யாரும் கால் வெச்சதே இல்ல, அவரும் விடமாட்டார்" என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அவளுக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது. பையனை இன்றே காப்பகத்துக்குக் கொண்டுபோக அவளுக்கு அதிகாரம் உண்டு. வண்டியும் கீழே தயாராக நின்றது.

அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"மேடம், வாசக்கதவை மட்டும் சாத்திட்டு வந்துடறேன்..."

"வேண்டாம். அது திறந்தே இருக்கட்டும்." இந்த மாதிரி வீடுகளில் வெளியேறும் வழியை அடைக்கவிடக் கூடாது என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது.

கதவு திறந்தது. வயதுக்கு மீறிய வளர்த்தியுடன் ஒரு பையன் அவளைத் தாண்டி எங்கோ பார்த்தபடி நின்றான். அறையில் கட்டில் இல்லை, நாற்காலி இல்லை. சுவரோடு சுவராகப் பழைய மெத்தைகள் நிறுத்திக் கட்டப்பட்டிருந்தன. பையனின் மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது.

"இது என்ன காயம்?"

"அவனே கடிச்சுக்கறான் மேடம்."

"எல்லா அப்பாவும் இப்படி ஒரு கதை வெச்சிருக்காங்க."

மணிக்கட்டைப் படமெடுக்க அவள் கைப்பையில் செல்போனைத் துழாவினாள். அவ்வளவுதான். பையன் அவள் முழங்கைக்கடியில் புகுந்து ஓடினான். திறந்திருந்த வாசலைத் தாண்டி படிகளில் அவன் காலடி தடதடத்தது.

தையல்காரர் கத்தவில்லை. வழியில் கிடந்த ஸ்டூலைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தார். அவளும் பின்னால் ஓடினாள். செருப்பில் ஒன்று படியிலேயே கழன்று விழுந்தது.

அவள் தெருவுக்கு வந்தாள். பையன் நட்டநடு ரோட்டில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். எதிரே வரும் லாரியின் கண்ணாடியில் வெயில் மின்னுவதைத்தான் அவன் ரசித்துக்கொண்டிருந்தான். லாரிக்காரன் ஹாரனை அழுத்தியபடி பிரேக் போட, தையல்காரர் மகனை அப்படியே அள்ளிக்கொண்டு ஓரத்தில் போய் விழுந்தார்.

பையன் திமிறினான். அப்பாவின் தோளில் பல் பதியக் கடித்தான். அவர் பிடியைத் தளர்த்தவில்லை. நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, "ஒண்ணுமில்லடா ராசா, ஒண்ணுமில்ல" என்று ஒரே சீராகச் சொல்லிக்கொண்டே இருந்தார். சட்டையில் ரத்தம் கசிந்தது. பையன் மெல்ல மெல்ல அடங்கினான்.

வீட்டுக்குத் திரும்பியதும் அதிகாரி தானே வாசல் கதவைச் சாத்தினாள். தாழ் போட்டு, ஒருமுறை இழுத்தும் பார்த்தாள்.

"தப்பு என்னோடதுதான். நீங்க சொன்னப்பவே சாத்தியிருக்கணும்."

"பரவாயில்ல மேடம். தண்ணி குடிங்க."

அவள் அங்கிருந்தபடியே அலுவலகத்துக்குப் பேசினாள். நயமாகத் தொடங்கிய பேச்சு, கடைசியில் அதட்டலில் முடிந்தது.

"நாளையிலேர்ந்து பகல்ல ஒரு ஆள் வருவாங்க. இந்த மாதிரி பிள்ளைங்களைப் பார்த்துப் பழக்கப்பட்டவங்க. பையனைச் சிறப்புப் பிள்ளைங்களுக்கான பயிற்சி மையத்துலயும் சேர்த்துடலாம், வண்டி வந்து கூட்டிட்டுப் போகும். வாசக்கதவுக்கு அலாரம் வெப்போம், திறந்தா சத்தம் போடும். ஆனா அந்த ரூம் தாழ்ப்பாளைக் கழட்டிடுங்க. ஒரு நெருப்பு பிடிச்சா என்ன ஆகும்?"

"கழட்டிடறேன் மேடம்."

"அந்த ஆள் இருக்கற நேரத்துல நீங்க கொஞ்சம் தூங்குங்க. எங்ககிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவர் மகனை மடியில் கிடத்தித் தட்டிக்கொடுத்தார்.

அவளுக்குக் கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியது. இப்படிப்பட்ட மனுஷனின் பெயரை ஒருவன் கெடுத்திருக்கிறானே.

"பேர் சொல்லாம போன் பண்ணி, பெத்த பிள்ளையை அடைச்சு வெச்சுக் கொடுமை பண்றார்னு ஒருத்தன் சொல்லியிருக்கான். அவனை நான் சும்மா விடப்போறதில்ல. யார் மேலயாவது உங்களுக்குச் சந்தேகம் இருக்கா?"

மடியில் தூங்கிப்போயிருந்த மகனின் தலையைத் தையல்காரர் கோதிவிட்டார்.

"உதவி வேணும்னு எத்தனையோ தடவை போன் பண்ணேன், யாரும் வரல மேடம். அதான் இந்தத் தடவை புகார்னு சொன்னேன்."