வேளாங்கண்ணிக்குப் போன ரோசம்மாள்

"அந்தப் படத்த மாலையோட எடுத்து உள்ள வைங்கண்ணே. பிள்ளை கூப்புடுற நேரமாச்சு."

பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் சொன்னதும் அருளப்பன் எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த மனைவி ரோசம்மாளின் படத்தைக் கழற்றி, அடுத்த அறைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். அடக்கம் பண்ணி இரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் செத்தவளை ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது. என்ன பிழைப்பு இது என்று வந்தது அவருக்கு.

மகள் சகாயராணி ஜெர்மனிக்குப் போய்ப் பதினாறு நாள் ஆகிறது. நர்சிங் படிப்பு. முதல் மூன்று மாதம் ஹெல்கா என்ற அம்மாளின் வீட்டில், அந்த வீட்டுப் பிள்ளைபோலத் தங்கிக்கொள்ள ஏற்பாடு. போகும் அன்று மதுரை ஏர்போர்ட் வாசலில், போக மாட்டேன் என்று அழுதவளை ரோசம்மாள்தான் அதட்டி உள்ளே தள்ளிவிட்டாள்.

போன இடத்தில் பிள்ளை ஒருவாறு ஒட்டிக்கொண்டது. முதல் ஞாயிற்றுக்கிழமையே சொந்த ஊர்ச் சுருளிப்பட்டிக் கோயில் பூசையை அந்த வீட்டுப் பெரிய டிவியில் நேரலையாகப் போட்டு, இரண்டாவது வரிசையில் பச்சைச் சேலையோடு உட்கார்ந்திருந்த அம்மாவை ஹெல்காவுக்குக் காட்டினாளாம். தினமும் போன் பேசுவாள். பேசி முடிக்கும்போது, சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற மாதிரியே, "போயிட்டு வாறேன்" என்றுதான் வைப்பாள். போனுக்குள்ள இருந்துகிட்டு எங்கடி போகப்போறே என்று ரோசம்மாள் கேலி பண்ணுவாள்.

திங்கட்கிழமை திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கம்பம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ போய்ச் சேருமுன் அவள் சொன்னது ஒன்றுதான்.

"பிள்ளைக்குச் சொல்லிராதீக. இங்கன வந்தா அவ திரும்பிப் போகமாட்டா."

அதை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அருளப்பன் அலையாத இடமில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டவிடவில்லை. யாரும் வாட்ஸப்பில் படம் வைக்கக் கூடாது என்று தெருவில் ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறிச் சொல்லிவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் கூப்பிட்ட மகளிடம், பெரியம்மாவோடு அம்மா வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறாள், போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டாள் என்று ஒரு பொய்யைச் சொன்னார். அவள் நம்பிவிட்டாள். செவ்வாய்க்கிழமை அடக்கம். அன்றும் மறுநாளும் மகளிடமிருந்து போன் வரவில்லை. பாடம் அதிகம் போலிருக்கிறது, அதுவும் நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டார்.

இன்று என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தார். வேளாங்கண்ணியில் நல்ல மழை, அம்மா வர இன்னும் நாலு நாள் ஆகும்.

போன் அடித்தது. திரையில் மகளின் முகம் வீங்கியிருந்தது. என்னவென்று பதறினார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, சளி என்றாள்.

பிறகு ஹெல்கா புராணம்தான். ஹெல்கா அம்மா இரண்டு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவள்கூடவே இருந்தார்களாம். ராத்திரி அவள் அறையிலேயே படுத்துக்கொண்டார்களாம். தலை சீவிவிட்டார்களாம். இன்று காலை அந்த ஊர்க் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னார்களாம்.

அருளப்பனுக்குச் சுருக்கென்றது. சளிக்கு இவ்வளவு சீராட்டா? பதினாறே நாளில் ஒரு புது அம்மா கிடைத்துவிட்டாள். பெற்றவள் வேளாங்கண்ணியிலிருந்து வந்துவிட்டாளா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. யோசித்து வைத்திருந்த மழைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. கேட்டுவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருந்தவருக்கு, கேட்கவில்லையே என்று ஆத்திரம் வந்தது.

"சுகர் மாத்திரை போட்டீகளாப்பா?" என்றாள் திடீரென்று. "அடுப்படி அலமாரியில, நீல டப்பாவுல இருக்கும்."

மூன்று நாளாக அவர் தேடிக்கொண்டிருந்த மாத்திரை. போட்டுவிட்டேன் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னார்.

"நான் இங்கனயே இருந்து படிச்சு முடிச்சிருவேம்ப்பா. பாதியில வந்துர மாட்டேன். நீங்க வேளாவேளைக்குச் சாப்பிடுங்க."

அவ்வளவுதான். திரை அணைந்துவிட்டது.

ரோசம்மா, நீ சொன்னதைக் காப்பாற்றிவிட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ஆனாலும் என்னவோ குறைந்தது. வழக்கமாகச் சொல்கிற அந்த ஒரு வார்த்தையைக்கூட மகள் சொல்லவில்லை. அதுவும் மறந்துபோயிற்றா?

பிச்சையம்மாள் அவருக்குச் சோறு கொண்டுவந்த தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த சனமெல்லாம் அப்படித்தான் போகிறது.

அருளப்பன் படத்தை எடுக்கப் போனவர் கதவடியிலேயே நின்றுவிட்டார். போஸ்டரை நிறுத்தினார், வாட்ஸப்பை நிறுத்தினார். கோயில் பீடத்துக்கு எதிரே, ஞாயிறு பூசையோ அடக்கப் பூசையோ எதுவானாலும் நேரலையில் காட்டிக்கொண்டிருக்கும் கேமராவை யாரும் நிறுத்தவில்லை.

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் "போயிட்டு வாறேன்" என்று சொல்வதில்லை, மகளும் சொல்லவில்லை.