இறக்கத்துக்கு முந்தைய நாள்

"பிரேக்கை உடனே பாரும்மா! இப்படியே நாளைக்கு மேட்டிலிருந்து இறங்கினேன்னா என் கதை முடிஞ்சது."

ரிடையர்டு ஹெட்கிளார்க் தன் ரேஸ் சைக்கிளைக் கடைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, தொப்பையோடு சண்டை போடும் இறுக்கமான பனியன்.

மெக்கானிக் பெண் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கு என்ன சார்?"

"ரேஸ்! தண்ணித் தொட்டி மேட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும். நான், பல் டாக்டர், பேங்க் மேனேஜர், என் சம்பந்தி. நாலு பேரும் ரிடையர்டு. வாய் மட்டும் இன்னும் ரிடையர் ஆகலை. 'அந்த இறக்கத்துல பிரேக்கையே தொடாம வந்தவன் நான்'னு சொல்லித் தொலைச்சேன். நானா தேடிக்கிட்ட வம்பு."

"நிஜமாவே தொடலையா சார்?"

"இறங்கி உருட்டிக்கிட்டு வந்தேன்மா. பிரேக்கை எதுக்குத் தொடணும்?"

அவள் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, லீவரை அழுத்தினாள். சக்கரம் கப்பென்று நின்றது. முன்சக்கரமும் அப்படியே.

"நல்லாத்தானே சார் பிடிக்குது?"

அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதான்மா கோளாறே! அழுத்தினா லீவர் தொளதொளன்னு கைப்பிடி வரைக்கும் வரணும். மேட்டு மேல வெச்சு அவங்க மூணு பேருக்கும் அழுத்திக் காட்டுவேன். 'அடடா, பிரேக் போச்சே, இல்லேன்னா இன்னிக்கு உங்களையெல்லாம்...'னு ரெண்டு வார்த்தை வருத்தப்பட்டுட்டு, கௌரவமா வீட்டுக்கு உருட்டிட்டுப் போயிடுவேன்."

"பயமா இருக்கு, வரலைன்னு சொல்லிடலாமே?"

"யாருகிட்ட, சம்பந்திகிட்டயா? பேரனுக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரும்மா! அந்த இறக்கத்துல ஒரே ஒரு நாள் பத்தடி ஓட்டிப் பார்த்தேன். நான் போட்ட கூச்சல்ல, எதிர்ல வந்த ஆம்புலன்ஸே ஒதுங்கி எனக்கு வழி விட்டுச்சு. கொஞ்சம் திருகித் தளர்த்திக் கொடு தாயே!"

"முடியாது சார்."

"ஏம்மா, அவ்வளவு பெரிய வேலையா?"

"அரை நிமிஷ வேலைதான்." அவள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். "டாக்டர், மேனேஜர், உங்க சம்பந்தி, மூணு பேரும் காலையிலேயே தனித்தனியா வந்து தளர்த்திக்கிட்டுப் போயாச்சு. நாலாவது சைக்கிளுக்கும் பிரேக் இல்லேன்னா என் கடைப் பேர் என்ன சார் ஆகிறது? ஒருத்தராவது இறங்கித்தான் ஆகணும்!"