ஏணி மெட்டு

"எய்னார், சுயநலத்துக்கும் ஒரு அளவு வேணாமா? உன் மெட்டுக்கு நீயே கை தூக்கறியே!"

சுன்னிவா கீபோர்டை விட்டு எழுந்தே விட்டாள்.

"வாக்கு முடியற வரைக்கும் யார் மெட்டுன்னு வாய் திறக்கக் கூடாது. நீ போட்ட சட்டம்தானே?" என்றான் எய்னார், கிட்டாரை மடியில் வைத்தபடி.

"சட்டம் கிடக்கட்டும். எனக்குக் காது இல்லையா? முதல் மெட்டு ஏணி மாதிரி படிப்படியா ஏறுது. அது உன் கைவரிசை. ரெண்டாவதுல டிரம்ஸ்தான் ராஜா, கிட்டார் ஓரமா நிக்குது. ஆஸ்மண்டை விட்டா வேற யாரு அப்படி எழுதுவா?"

டிரம்ஸுக்குப் பின்னால் ஆஸ்மண்ட் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் கை தூக்கியது இரண்டாவதற்கு.

பெர்கன் நகரில் ஜாஸும் ராக்கும் கலந்து வாசிக்கும் குழு அது. மூவருமே மெட்டுப் போடுவார்கள். புது ஆல்பத்தில் ஒரே ஓர் இடம் பாக்கி. ஆண்கள் இருவரும் ஆளுக்கொன்று பெயர் போடாமல் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் இப்போதுதான் வாசித்து முடித்திருந்தார்கள்.

நேற்று ஆஸ்மண்ட் போனில் சொன்னது சுன்னிவாவின் காதிலேயே நின்றது.

"இத்தனை வருஷத்துல என் மெட்டு ஒண்ணுகூடத் தேறல. இந்தத் தடவையும் இல்லேன்னா டென்மார்க் கப்பல்ல டான்ஸ் பேண்டுக்கு டிரம்ஸ் அடிக்கப் போயிடுவேன்."

சொன்னால் செய்கிற ஆள் அவன். அவன் போய்விட்டால் குழு ஏது? எப்பாடுபட்டாவது இன்று அவன் மெட்டை ஏற்றிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"சுன்னிவா, கெஞ்சிக் கேக்கறேன். முதல் மெட்டை இன்னொரு தடவை வாசிப்போம். எவ்வளவு அழகா இருக்கு!" என்றான் எய்னார்.

"வெட்கமா இல்லையாடா உனக்கு?"

"ரெண்டாவதுதான் உசத்தி. மனசாரச் சொல்றேன்" என்றான் ஆஸ்மண்ட் மெல்ல.

பாவம், எவ்வளவு ஆசை இருந்தால் வாய் விட்டே கேட்பான்! சுன்னிவா எய்னார் பக்கம் திரும்பினாள்.

"ஆளுக்கு ஒரு ஓட்டு. அப்போ என் கைதான் தீர்ப்பு. ரெண்டாவது!" விறைப்பாகக் கையை உயர்த்தினாள். மறு கையால் ஸ்டூடியோவுக்குச் செய்தியும் அனுப்பிவிட்டாள். "முடிஞ்சது. இனி யார் தலைகீழா நின்னாலும் மாத்த முடியாது."

யார் மெட்டு ஜெயிக்கிறதோ அவர்தான் எல்லோருக்கும் பன் வாங்கித் தர வேண்டும். குழுவின் வழக்கம் அது.

"எழுந்திருடா ஆஸ்மண்ட்! மழைன்னு சாக்கு சொல்லாதே. இலவங்கப்பட்டை பன், சூடா, மூணு!"

ஆஸ்மண்ட் எழவில்லை. டிரம்ஸின் சிம்பல் தட்டைக் கழற்றி உறைக்குள் வைத்தான்.

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தவன் எய்னார். "உன் டிரம்ஸை நினைச்சுத்தான்டா அதை எழுதினேன்" என்றான், ஆஸ்மண்டைப் பார்த்து.

"தெரியும். அதான் ஓட்டுப் போட்டேன்" என்றான் ஆஸ்மண்ட், உறையின் ஜிப்பை இழுத்து மூடியபடி. "நான் ஏணி மெட்டு போட்டதும் உன் கிட்டாரை நினைச்சுத்தான்."